பொட்டு வைத்த டிஸ்க்

சிங்காநல்லூரில் எங்கள் மாவு மில்லுக்கும் லட்சுமணசாமியின் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் பக்கம் மிளகாய் அரைத்தால் அவர்கள் பக்கம் லேத்து ஓட்டுகிறவர் தும்முவார். அவர்கள் பக்கம் இரும்பு கடைந்தால் எங்கள் பக்கம் மாவுக்கு நிற்கிற பெண்களுக்குப் பல் கூசும். இந்த உறவை வைத்துத்தான் அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பாகத்துக்குக் கூப்பிட்டுப் போகாவிட்டால் என்னைத் தம்பி கட்சி என்று அண்ணன் சொல்வான், அண்ணன் கட்சி என்று தம்பி சொல்வான். போனேன்.

அந்தப் பட்டறையில் புது பம்பு எதுவும் செய்வதில்லை. பழைய பம்புகளுக்கு உள்சாமான் செய்வதுதான் அவர்கள் தொழில். கிணற்று மோட்டார் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரம் ஒன்று உண்டு, இம்பெல்லர் என்பார்கள். அது தேய்ந்தோ உடைந்தோ போனால் கடையில் கிடைக்காது, செய்த கம்பெனியே மூடியிருக்கும். சூலூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் அன்னூரிலிருந்தும் தோட்டக்காரர்கள் உடைந்த துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பயிர் காய்கிற அவசரம் அவர்கள் முகத்தில் தெரியும்.

முன்பெல்லாம் லட்சுமணசாமி கண்ணளவில் செய்து கொடுத்தார். ஒன்று பொருந்தும், இன்னொன்று கிணற்றுக்குள் கிடந்து கத்தும். மூத்த மகன் ரோஹனுக்குப் பெண்டாட்டியாக பிரத்யுஷா வந்த பிறகுதான் அந்தக் கத்தல் நின்றது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த பெண். அவள் வந்த வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். காலையில் சமையலை முடித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெர்னியர் அளவுகோலோடு உட்காருவாள். பாதி உடைந்த சக்கரத்தில் மிச்சமிருக்கிற இறக்கையை வைத்துப் போன இறக்கை எப்படி வளைந்திருக்கும் என்று கண்டுபிடிப்பாள். கம்ப்யூட்டரில் படம் போட்டு, எந்தத் தோட்டத்துப் பம்போ அந்தப் பெயரை அதற்கு வைப்பாள். ‘அன்னூர் மொட்டைக்கிணறு’, ‘சூலூர் வாத்தியார் தோட்டம்’ என்று அந்த டெஸ்க்டாப்புக்குள் கொங்குநாட்டுக் கிணறுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அடுத்த தடவை அதே பம்பு வந்தால் அச்சு எடுத்துக் கொடுத்தால் போதும். லட்சுமணசாமி வெளியாட்களிடம் ‘நம்ம டிராயிங்’ என்பார். மருமகள் போட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த டிராயிங் வெளியே போய்விடக் கூடாது என்று அவருக்குப் பெரிய பயம். அச்செடுத்த தாளை வேலை முடிந்ததும் தானே வாங்கிக் கிழித்துப் போடுவார். கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. ஒருமுறை பிரத்யுஷா, “மாமா, ஒரு பென் டிரைவுல எடுத்து வெச்சுக்கறனுங்க, மெசின் நின்னுபோச்சுன்னா கஷ்டம்” என்று கேட்டிருக்கிறாள். மறுநாளே அவர் எம்-சீல் வாங்கி வந்து, கீபோர்டுக்கும் மவுசுக்கும் இரண்டு ஓட்டையை விட்டுவிட்டு மற்ற ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டார். ஒழுகுகிற குழாயை அடைக்கிற அதே எம்-சீல்தான். அடைத்துவிட்டு என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

“இனி எவனுங்க உள்ள போவான்?”

எவனும் போகவில்லை என்பது உண்மைதான்.

ரோஹனுக்கும் தம்பி ரவிதேஜாவுக்கும் சண்டை எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாக லேத்து சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் அதிகமாகக் கேட்க ஆரம்பித்தபோது புரிந்துகொண்டேன். புரட்டாசியில் பாகம் பேசி முடிவானது. லேத்து அண்ணனுக்கு, மில்லிங் மெசின் தம்பிக்கு, ஷெட்டுக்கு நடுவில் சுவர். பின்பக்கம் மலை மாதிரி கிடந்த உடைந்த இம்பெல்லர்களை மட்டும் பிரிக்க முடியவில்லை. எந்தத் துண்டு யாருக்கு என்று வாய்த்தகராறு வந்ததும், லட்சுமணசாமி மொத்தத்தையும் பழைய இரும்புக்காரரிடம் ஏற்றிவிட்டார். பிரத்யுஷா ஓடிவந்து லாரியைப் பிடிக்காத குறை.

“மாமா, அதெல்லாம் நான் அளவெடுத்த பீஸுங்க. சந்தேகம் வந்தா எதைப் பாக்கறதுங்க?”

“டிராயிங்தான் கம்ப்யூட்டர்ல இருக்குதல்ல அம்மிணி? அப்பறம் இந்தத் துருவெல்லாம் எதுக்கு?”

லாரி போய்விட்டது. கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது. திறந்தால் முக்கும், பாதி வேலையில் உறைந்து நிற்கும். கோட்டைமேட்டிலிருந்து அப்துல் மஜீத் வந்து பார்த்தார். பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் பேர் வாங்கியவர், எங்கள் மில்லில் பில் போடுகிற மெசினும் அவர் கைபட்டதுதான். சி.பி.யூவின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

“ஐயா, ஹார்டு டிஸ்க் சாகப்போவுதுங்க. டக்கு டக்குங்குது பாருங்க. அத்தனை டிராயிங்கும் இதுக்குள்ளதான் இருக்குது. இது கண்ணை மூடறதுக்குள்ள முழுசா இன்னொரு டிஸ்க்குக்கு மாத்திப்போட்டு, இதையத் தூக்கிர்லாமுங்க.”

“மாத்துங்க பாய். ஆனா இதே கம்பெனி, இதே நெம்பரு வேணும்.”

“இப்பவெல்லாம் சுத்தாத டிஸ்க் வந்துருச்சுங்க. உள்ள சிப்பு மட்டுந்தான். நொம்ப வேகமுங்க.”

“பேரிங் தேஞ்சா அதே நெம்பர் பேரிங்தானுங்க போடோணும். வேற போட்டா ஷாஃப்ட்டு ஆடும். இந்தத் தொழில்ல நரைச்ச மண்டைங்க இது.”

“இது பேரிங் இல்லீங்களே ஐயா.”

“உள்ள சுத்துதல்லீங்க? சுத்தறது எல்லாத்துக்கும் ஒரே நாயந்தான்.”

கதவோரம் நின்றிருந்த பிரத்யுஷா, “மாமா, பாய் அண்ணன் சொல்றது சரிங்க. புது மாதிரியே வாங்கிக்கலாம்” என்றாள்.

“நீ சித்த இரு அம்மிணி.”

ரவிதேஜா குறுக்கே வந்தான். “அப்பா, ஒண்ணு பத்தாது. அவனுக்கொண்ணு, எனக்கொண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோணும். அவனுக்குப் பெருசு, எனக்குச் சிறுசுன்னு அப்பறம் பேச்சு வரக்கூடாது.”

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. சண்டை மட்டும் வெளியாள் முன்னால் நல்ல கோயமுத்தூர்த் தமிழில் நடக்கும், எல்லோருக்கும் புரியட்டும் என்றுதானோ என்னவோ. பாவம் மஜீத், நிறுத்தப்பட்ட அந்தப் பழைய நெம்பரைத் தேடிக் கடை கடையாக அலைந்தார். எவனோ கட்டிப்போட்டு மறந்த சரக்கில் இரண்டு கிடைத்தன. திறக்காத கவர்தான், ஆனால் மேலே ஒட்டியிருந்த லேபிள்கூட வெளுத்திருந்தது. பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி இருக்கும். லட்சுமணசாமிக்கு ரொம்ப சந்தோஷம்.

பத்திரம் எழுதவும் டிஸ்க் மாற்றவும் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். விடிந்ததிலிருந்து தூறல். குளத்துப் பக்கமிருந்து ஒரு பாசி வாடை வந்துகொண்டே இருந்தது. ஆயுத பூஜை முடிந்து அதிக நாளாகவில்லை, லேத்தில் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்க, மெசின்களில் வைத்த சந்தனப் பொட்டு வெடித்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நாயம் பேச லட்சுமணசாமியின் சம்சாரம் பங்காரம்மாவின் அண்ணன் சோமனூரிலிருந்து வந்திருந்தார். இன்னும் சில ஒறம்பரை ஆட்கள், சொந்தக்காரர்கள்தான். எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பட்டறை ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

அறைக்குப் பின்னாலேயே வீட்டுச் சமையலறை. சின்ன மருமகள் லாஸ்யா மாசமாக இருந்ததால் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு பிரத்யுஷா தலையில். மஜீத் தன் பையைத் திறந்ததும் அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“மாமா, மாத்தி முடிக்கற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கறனுங்க. உள்ள இருக்கறது என்னென்னன்னு எனக்குத்தான் தெரியும்.”

லட்சுமணசாமி அவள் முகத்தைப் பார்க்காமல், “நின்னுட்டா வடை யாரு சுடறது? ஒறம்பரை முன்னால மானத்த வாங்காத. பாய் பாத்துக்குவாரு” என்றார்.

ரோஹன் அப்பாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு செல்போனைப் பார்த்தான். அவன் குணம் அது. அவள் உள்ளே போனாள்.

மஜீத் பழைய டிஸ்க்கைக் கழற்றினார். ஒரு பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். அது பளிச்சென்று ஆகிவிட்டது. புதிதில் ஒன்றைக் கவரிலிருந்து எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துப் புதிதின்மேல் எழுதப் போனார்.

“ஏனுங்க, என்னுங்க பண்றீங்க?” என்றான் ரவிதேஜா. “பாகத்துச் சாமான்ல கிறுக்கறதா? நாளைக்கு அவன், எனக்கு வந்தது மட்டும் கோடு விழுந்ததும்பான்.”

மஜீத் பேனாவைப் பழையதன் பக்கம் திருப்பினார். லட்சுமணசாமி கையை நீட்டித் தடுத்தார்.

“அதுல வேண்டாமுங்க பாய். சோறு போட்ட சாமான்.”

“அடையாளம் ஒண்ணு வேணுமல்லீங்க ஐயா. எது புதுசு எது பழசுன்னு கை மாறிரக் கூடாதுங்க.”

அந்த நேரத்தில் பங்காரம்மா எட்டிப்பார்த்து, “பாய் தம்பி, மாத்தறதுக்கு முன்னால நான் பொட்டு வெச்சுப்போடறனுங்க. வெறுமனே வேல ஆரம்பிக்கக் கூடாது” என்றார்.

மஜீத் சிரித்தார். “வெச்சுக்கங்கம்மா. அதே எனக்கு அடையாளமாப் போச்சு.” அவர் போகாத வீடில்லை. புதுக் கம்ப்யூட்டர், புது பிரிண்டர், புது டி.வி. என்று எல்லா வீட்டிலும் புதுசுக்குப் பொட்டு வைத்துத்தான் ஸ்விட்ச் போடுவார்கள். அவர் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு நேரமாகியிருந்தது. “போயிப்போட்டு வெருசா வாரனுங்க, அதுக்குள்ள யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தூறலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

யாரும் தொடவில்லை. பங்காரம்மா மட்டும் கை கால் கழுவி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து, மேசையில் இருந்த இரண்டில் ஒன்றுக்கு நிதானமாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மஜீத் திரும்பி வந்தார். அவரிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, ரொட்டி சுடுகிற மெசின் மாதிரி மேலே இரண்டு வாய். முன்வாயில் போட்டதை அப்படியே பின்வாயில் போட்டதுக்குள் எழுதிவிடும். கம்ப்யூட்டரே வேண்டாம். இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் நடுவில் உறைந்து நின்றால் வேலை கெட்டுவிடும் என்றுதான் அதைக் கொண்டுவந்திருந்தார். பொட்டில்லாததை முன்வாயிலும் பொட்டு வைத்ததைப் பின்வாயிலும் செருகினார். பொத்தானை அழுத்தினார். வரிசையாக இருந்த பச்சை விளக்குகளில் முதலாவது மினுங்க ஆரம்பித்தது.

பிரத்யுஷா ஒரு டம்ளர் மோரோடு வந்தாள்.

“எல்லாம் சரியா இருக்குதுங்களா அண்ணா?”

“ஓடிட்டிருக்குதுங்கம்மிணி. பழசு இப்ப சத்தமே போடல பாருங்க. நல்ல நேரந்தான்.”

அவள் குனிந்து பார்க்கப் போனாள். டிஸ்க்குகள் பாதிக்குமேல் பெட்டிக்குள் இறங்கி நின்றன. உள்ளிருந்து பங்காரம்மா, “அம்மிணீ, எண்ணெ காயுது!” என்று கூப்பிட்டார். அவள் நிமிர்ந்து போய்விட்டாள்.

சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கொள்ளுப்பருப்பு, பச்சப்புளி ரசம், வடை, கச்சாயம். ஒரு ஆள் சமைத்தது என்று நம்ப முடியாது. பிரத்யுஷா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறினாள். ஆபீஸ் அறையைத் தாண்டும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பச்சை விளக்குக்குப் போய்வந்தது. இரண்டாவது எரிந்தது, மூன்றாவது எரிந்தது. அண்ணனும் தம்பியும் இலையில் கை வைத்துக்கொண்டே பட்டறைப் பெயர் யாருக்கு என்று பேசினார்கள்.

“போர்டு எனக்குத்தான். மூத்தவன் நான்.”

“மூத்தவன்னா? பார்ட்டி எல்லாம் எனக்குத்தான போன் பண்றாங்க?”

“போனு உனக்கு வரும். டிராயிங் போட்டது யாரு? என்ற பொண்டாட்டி.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிரத்யுஷாவின் கை ஒரு கணம் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் வாயில் அந்த வார்த்தை வருவது அன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் போர்டுக்காக வந்தது.

கடைசி விளக்கும் எரிந்துவிட்டது என்று மஜீத் குரல் கொடுத்தார். எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து நின்றோம். பொட்டு வைத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டி ஸ்விட்ச் போட்டார். கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. டிஸ்க் இல்லை, டிஸ்க்கைப் போடு என்றது. வயரை அழுத்திப் பார்த்தார். அதே வரி.

“பழசையே மாட்டிப் பாக்கலாமுங்க” என்று பொட்டில்லாததை மாட்டினார். அதே வரி.

மஜீத் இரண்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, லேபிள் மூலையில் பொடி எழுத்தில் இருந்த செய்த தேதியையும் சீரியல் நெம்பரையும் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க எதுக்குங்க பொட்டு வெச்சீங்க?”

பங்காரம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “பழசுக்குத்தானுங்க தம்பி. இத்தன வருசம் ஒழச்சது அதுதான? ஆயுத பூஜைக்கு ஓடற மெசினுக்குத்தான வெப்பம்? புதுசு இன்னும் ஒரு வேலையும் பாக்கலையே. அது ஓடி ஒழச்சா அப்பறம் வெச்சுக்கறது.”

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். புது டிரில்லிங் மெசின் வாங்கியபோதுகூட முதல் வேலை முடித்த பிறகுதான் சந்தனம் தொட்டார்கள் என்று சோமனூர்க்காரர் பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?

“நான் பொட்டு வெச்சது புதுசுன்னு நெனச்சுப்போட்டனுங்க” என்றார் மஜீத். “வெறும் டிஸ்க்க முன்னால போட்டு, டிராயிங் இருந்ததப் பின்னால போட்டுட்டனுங்க. வெறுசு முழுக்க அதுமேல ஏறிருச்சு.”

“ஏறுனா? மறுக்கா எடுங்க” என்றார் லட்சுமணசாமி.

“அழிச்சதுன்னா எடுக்கலாமுங்க ஐயா. இது முழுசுமே வெறுமைய எழுதிப்போட்டுது. எடுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க. சீரியல் நெம்பரப் படிச்சுப் பாத்திருக்கோணும். என்ற தப்புதானுங்க.”

ரவிதேஜா பாய்ந்தான். “தொழுவப்போற அவசரத்துல கண்டதையும் பண்ணினா இப்படித்தான்யா ஆகும்! வேணும்னே பண்ணுனயா? எவன் சொல்லி அனுப்புனான்?”

அவர் தொழுதுவிட்டு வந்துதான் கையே வைத்தார் என்று நான் சொன்னேன். அவன் என்னை முறைத்தான், அன்றிலிருந்து எங்கள் மில்லில் அவன் வீட்டு மாவு அரைக்கவில்லை. ரோஹன் அவன் பங்குக்குத் தம்பி சட்டையைப் பிடித்து, “கிறுக்க வேண்டாம்னு சொன்னது நீதானடா” என்றான். “பழசுல கிறுக்க வேண்டாம்னு சொன்னது அப்பன்” என்றான் தம்பி. மார்க்கர் பேனா மேசையில் மூடியோடு கிடந்தது.

சத்தம் கேட்டு பிரத்யுஷா வந்தாள். திரையைப் பார்த்தாள், பொட்டு வைத்த டிஸ்க்கைப் பார்த்தாள், அதை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் சூடா இருக்குதுங்க” என்றாள்.

மஜீத் தலையைக் குனிந்துகொண்டார். “அம்மிணி, மன்னிச்சிருங்க.”

“உங்களை ஒண்ணும் சொல்லலீங்கண்ணா.” அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். “பக்கத்துல நிக்கறேன்னு சொன்னனுங்க மாமா. வடை நல்லா இருந்துச்சுங்களா?”

அவள் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போய் எச்சில் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

நாள் நல்ல நாள் என்பதால் சாயங்காலம் பாகப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆயிற்று. எழுதியபடியே ஆளுக்கொரு புது டிஸ்க் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை, ஆனால் பங்கு பங்குதானே. நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பழைய டிஸ்க்கைப் பங்காரம்மா பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து கருப்புசாமி என்று ஒரு தோட்டக்காரர் சாக்கோடு வந்தார். ஷெட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியிருந்தது, இன்னும் பூசவில்லை. அவருக்கு எந்த வாசலில் நுழைவது என்று தெரியவில்லை. முதலில் ரோஹனிடம் போனார், அப்புறம் ரவிதேஜாவிடம் போனார். இரண்டு பேரும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு எங்கள் மில் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, சின்ன வெங்காயம் காயுதுங்க. போன தடவ அந்த அம்மிணி கம்ப்யூட்டர்ல தட்டி ஒரே நாள்ல குடுத்துச்சே. இப்ப என்னுங்க ஆச்சு?”

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. இந்தத் தடவை லட்சுமணசாமியின் குரலில் அதட்டல் இல்லை.

“உன்ற மனசுல இல்லாததா அம்மிணி? ஒக்காந்து மறுக்காப் போடு. ஒவ்வொண்ணா வரட்டும்.”

“எதைப் பாத்துங்க மாமா போடறது? பீஸெல்லாம் இரும்புக்கடைக்குப் போயிருச்சு.”

“வாரதப் பாத்துப் போடு.”

ரோஹன் நடுவில் புகுந்தான். “போட்டா நம்ம பக்கத்துக்கு மட்டும் போடு. அவனுக்கு ஒரு கோடுகூடப் போகக்கூடாது.”

ஷெட்டு நடுவில் எழும்பிய சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரவிதேஜா கத்தினான். “அதெப்படி? அண்ணி எங்களுக்கும் போடோணும். டிராயிங் பொதுன்னுதான பத்திரத்துல இருக்குது?”

அப்புறம் பிரத்யுஷாவின் குரல் வந்தது. உரக்கப் பேசவில்லை. எங்கள் மெசின் ஓடாமல் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“லேத்து ஒரு பங்குல இருந்துச்சு. மில்லிங் மெசின் ஒரு பங்குல இருந்துச்சு. நான் எந்தப் பங்குலீங்க மாமா இருந்தேன்?”

அவள் வெளியே வந்தாள். கையில் வெர்னியர் இருந்தது. கருப்புசாமியின் சாக்கைப் பிரித்து, உடைந்த சக்கரத்தை எங்கள் மாவுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தாள். என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். மாவு படிந்த மேசையில் குனிந்து கையாலேயே படம் போட்டு அளவு எழுதினாள். பொழுது சாயும்வரை ஆனது. முடித்ததும் தாளை மடித்துத் தோட்டக்காரர் கையில் கொடுத்தாள்.

“இதையக் கொண்டுபோயி எந்தப் பட்டறையில வேணும்னாலும் கடஞ்சுக்குங்க. தாளத் தூக்கிப் போட்டுராதீங்க. இன்னொரு தடவைக்கு ஆகும்.”

லட்சுமணசாமி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்-சீல் வைத்து அடைக்க அந்த இடத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

அடுத்த மாசமே அவள் கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனிக்கு டிராயிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ரோஹன் ஆடித் தீர்த்தான், போகத்தான் செய்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். மஜீத்தை அதற்கப்புறம் அந்தத் தெருவில் நான் பார்க்கவில்லை. எங்கள் மெசின் கெட்டபோது போன் செய்தேன், வேறு ஆளை அனுப்பிவைத்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கக் கூப்பிட்டார்கள் என்று போனேன். லேத்தில் அதிகம் வேலையில்லை, ஆனாலும் கழுவித் துடைத்திருந்தார்கள். வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பங்காரம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். ரோஹனின் பங்கு டிஸ்க், கவரிலிருந்து எடுத்தபடியே, படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் இருந்தது. அதைத் தாண்டிப் போனார். வேலை பார்க்காததுக்கு இன்றும் அவர் கை போகவில்லை. அலமாரியிலிருந்த பழைய டிஸ்க்கை எடுத்து, போன வருஷத்துப் பொட்டின்மேலேயே புதுப்பொட்டு வைத்தார்.

அப்போதுதான் பிரத்யுஷா கம்பெனியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பங்காரம்மா கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு அவள் பக்கம் போனார்.

“கண்ணு, இங்க வா. இந்த ஊட்ல ஒழச்சது நீதான். எனக்கு இத்தன நாளா தெரியல. உன்ற கையக் குடு, பொட்டு வெக்கறேன்.”

கிழவி அதை மனசாரத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை.

பிரத்யுஷா ஒரு நிமிஷம் மாமியார் முகத்தையே பார்த்தாள். கை தானாக எழுந்த மாதிரி இருந்தது. பிறகு பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாமுங்கத்தை. நீங்க பொட்டு வெச்சதுக்கு என்னாச்சுன்னு பாத்தமல்லீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். பங்காரம்மா சந்தன விரலோடு அங்கேயே நின்றார். பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எனக்குப் பொரி எடுக்கப் போனார்.